லயத்துத் தீயும் தண்ணீரின் வடிவமும்

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுதான் லயம். அதில் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா (அறை) ஒன்றில் எழும்பி எரியும் சுவாலையை அடக்க, கணக்குப்படி 18 லீட்டர் தண்ணீர் போதும். அதாவது இரண்டு வாளி. தோட்டத்தில் யாரிடம் இதைச் சொன்னாலும் நம்புவதில்லை. நம்பாததில் நியாயம் இருக்கிறது. வரிசையாக நின்று வாளி வாளியாக ஊற்றியும் ஒரு லயமே எரிந்து, பிள்ளைகளின் புத்தகம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காதுக்குப் போட அடகிலிருந்து மீட்ட தோடு என்று எல்லாம் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். மறுநாள் பத்திரிகையில் 'மின்கசிவு காரணமாக இருக்கலாம்' என்று ஒரு வரி வரும். பாடசாலையிலோ கலாசார மண்டபத்திலோ குடும்பங்களைத் தங்க வைப்பார்கள். அப்புறம் அடுத்த லயம்.

தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை செய்த காலத்தில் தீயணைப்புக் குழுவிலும் என்னைப் போட்டார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் நகரசபைத் தீயணைப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டதும், பின்னால் நானாகத் தேடிப் படித்ததும், நோசிலைக் கையில் பிடித்துப் பார்த்ததும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வண்டி வந்து சேர நேரமெடுக்கும் மலையில், இருக்கும் கொஞ்சத் தண்ணீரை எந்த வடிவத்தில் தீக்குக் கொடுக்கிறோம் என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. அந்த வடிவத்தைத் தருவது குழாயின் முனையில் இருக்கும் ஒரு சாண் நீளச் சாமான், நோசில்.

முதலில் அந்த 18 லீட்டர். ஒரு லீட்டர் தண்ணீரை 20 பாகை செல்சியஸிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 335 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கொதிநிலைக்கு வந்த அதே லீட்டரை முழுவதுமாக ஆவியாக்க இன்னும் 2,260 கிலோஜூல் வேண்டும். அதாவது தண்ணீர் தீயிடமிருந்து பிடுங்கும் வெப்பத்தில் பெரும் பங்கு ஆவியாகும்போதுதான் பிடுங்கப்படுகிறது. வாளியால் வீசிய தண்ணீரில் பெரும்பகுதி சுவரில் பட்டுத் தரையில் ஓடி, கொஞ்சம் வெதுவெதுப்பாகி இஸ்தோப்பு (முன்திண்ணை) வழியாக வெளியே வந்துவிடும். அது செய்யக்கூடிய வேலையில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் செய்யாமல் போய்விட்டது. இன்னொன்று, ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லீட்டர் இடத்தை அடைக்கும். மூடிய அறையில் அந்த ஆவி, தீக்கு வேண்டிய காற்றையும் ஒதுக்கித் தள்ளிவிடும்.

இதை முறையாகப் பயன்படுத்தலாம் என்று எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் லாயிட் லேமன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நாட்டுக் கடலோரக் காவல்படையில் கப்பல் தீயணைப்புப் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர். கப்பலின் அடித்தட்டில் எண்ணெய் பற்றி எரியும்போது உள்ளே தூறலாகத் தண்ணீரை விட்டு, வாசலை மூடி, ஆவியாலேயே அடக்கும் முறையை 1950இல் தரைத் தீயணைப்பாளர்கள் முன் வைத்தார். அதே பத்தாண்டில் அயோவாவில் கீத் ராயர், பில் நெல்சன் இருவரும் பல கட்டடங்களை எரித்துப் பார்த்து ஒரு எளிய சூத்திரத்துக்கு வந்தார்கள். அறையின் கனவளவைக் கன அடியில் எடுத்து 100ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கலன் (கேலன்) தண்ணீர் வேண்டும் என்பது வரும். அதை அரை நிமிடம் அடிக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு, உயரம் எட்டு என்று வைத்தால் 960 கன அடி. நிமிடத்துக்கு 9.6 அமெரிக்கக் கலன், அதாவது 36 லீட்டர். அரை நிமிடத்துக்கு 18. அந்தப் பதினெட்டும் ஆவியானால் ஏறத்தாழ 30 கன மீட்டர். காம்பரா 27 கன மீட்டர்தான். கணக்கு அழகாக உட்காருகிறது.

சரி, நிஜத்தில் ஏன் உட்காருவதில்லை? காம்பரா மூடியிருக்க வேண்டும், தண்ணீர் நுண்ணிய துளிகளாகச் சூடான காற்றுக்குள் போக வேண்டும், அதுவும் ஒரே வீச்சில். வாளியால் இதில் எதுவும் முடியாது. சுவாலை அடங்கிய பிறகும் மரம் கனன்றுகொண்டிருக்கும், அதை நனைக்கத் தனியாகத் தண்ணீர் வேண்டும். ஆனாலும் அந்த 18ஐ நான் மறப்பதில்லை. பிரச்சினை தண்ணீர்ப் பஞ்சம் மட்டும் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய நம்பிக்கை கொடுத்த எண்.

துளியின் அளவுக்கு வருகிறேன். ஒரு லீட்டர் தண்ணீரை ஒரே உருண்டையாக நினைத்துப் பார்த்தால் அதன் மேற்பரப்பு ஒரு சதுர மீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதையே 1 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் மேற்பரப்பு 6 சதுர மீட்டர். 0.3 மில்லிமீட்டராக உடைத்தால் 20 சதுர மீட்டர். வெப்பம் உள்ளே போவது மேற்பரப்பு வழியாகத்தான். அப்படியானால் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். அதற்கும் எல்லை உண்டு. மிக நுண்ணிய துளி நாலு அடி போவதற்குள் ஆவியாகிவிடும், அல்லது மேலெழும் சூட்டுக் காற்று அதைத் தூக்கி எறிந்துவிடும். தூரம் போவதற்குக் கனம் வேண்டும், வெப்பம் குடிப்பதற்குச் சிறுமை வேண்டும். ஒரே துளியிடம் இரண்டையும் கேட்க முடியாது என்பதால்தான் நோசில்கள் இரண்டு வகையாகப் பிரிந்தன.

எங்கள் தொழிற்சாலையில் இரண்டு வகையும் இருந்தன. பிராஞ்ச் என்றுதான் சொல்வோம். பழையது பித்தளை. பின்பக்கம் அகலம், முன்னால் போகப் போகக் குறுகும், கடைசி ஓர் அங்குலம் மட்டும் ஒரே விட்டம். உள்ளே விரலை விட்டுத் தடவினால் ஒரு நெருடல்கூட இருக்காது. வாய் விளிம்பு செங்குத்தாக, கூராக வெட்டப்பட்டு, சற்று உள்ளே தள்ளி இருக்கும், கீழே விழுந்தாலும் அடிபடாமல். அந்த விளிம்புதான் எல்லாம். ஒரு தடவை கொங்கிரீட்டில் விழுந்து நெல்மணி அளவு நசுங்கிய பிராஞ்சை அடித்துப் பார்த்தோம். கண்ணாடிக் கம்பியாக வரவேண்டிய ஓட்டம் அந்தப் பக்கம் மட்டும் சிலும்பிப் பிரிந்து, பாதித் தூரத்திலேயே சாரலாகிவிட்டது. அரத்தால் ராவிச் சரி செய்யலாம் என்றார் ஒருவர். அப்படிச் செய்தால் விளிம்பின் வட்டம் கெட்டுவிடும். கடைசல் மெஷினில் போட்டுத்தான் சரி செய்தோம்.

இப்படி வழவழப்பான நோசில்களை முதன்முதலில் விரிவாக அளந்து எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியியலாளர் ஜான் ஃப்ரீமன். 1880களின் கடைசியில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பலவகை நோசில்களை, பல அமுக்கங்களில் பாய்ச்சிப் பார்த்து, எந்த ஓட்டம் எவ்வளவு தூரம் 'நல்ல ஓட்டமாக' நிற்கிறது என்று அட்டவணை போட்டார். நோசில் தன்னளவில் அமுக்கத்தை உண்டாக்குவதில்லை. குழாய்க்குள் இருக்கும் அமுக்கத்தை வேகமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். 3.4 பார் (பார் என்பது அமுக்கத்தின் அலகு) அமுக்கம் வாயில் இருந்தால் தண்ணீர் நொடிக்கு 26 மீட்டர் வேகத்தில் வெளியேறும். அந்த வேகத்தில் ஏற்கெனவே சுழற்சியோ கலக்கமோ இருந்தால் ஓட்டம் சீக்கிரம் உடையும். அதனால்தான் நோசிலுக்குப் பின்னால் ஒன்றிரண்டு மீட்டர் ஹோஸை நேராகப் பிடிக்கச் சொல்கிறார்கள். தேயிலை வரிசைக்குள் நின்று கொண்டு இடுப்பருகே வளைத்துப் பிடித்தால் என்னதான் நல்ல பிராஞ்ச் என்றாலும் ஓட்டம் சிதறும்.

மற்றது அலுமினியம், கறுப்பு ரப்பர் முகம். வாயின் நடுவில் ஒரு வட்டத் தட்டு நின்று வழியை மறிக்கும். தண்ணீர் அந்தத் தட்டைச் சுற்றியுள்ள வளையமான இடுக்கு வழியாகத்தான் வர முடியும். வெளியே உள்ள உறையைத் திருகி முன்னால் கொண்டுவந்தால், விரிந்து வரும் தண்ணீர் உறையின் உட்சுவரில் பட்டு நேராகத் திரும்பும். தூரத்திலிருந்து பார்த்தால் பித்தளை பிராஞ்சின் ஓட்டம் மாதிரியே தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் உள்ளே வெறுமை, குழல்போல் வந்து சற்றுத் தள்ளிச் சேரும். உறையைப் பின்னால் திருகினால் தண்ணீர் கூம்பாக விரியும், 30 பாகை, 60 பாகை, அதற்கும் மேல். விளிம்பைச் சுற்றிச் சிறு பற்கள் உண்டு. சிலவற்றில் ரப்பரோடு சேர்ந்த நிலையான பற்கள், சிலவற்றில் சுழலும் வளையம். தண்ணீர்த் தகடு அந்தப் பல்லில் மோதித்தான் துளியாக உடைகிறது. ஒரு பல் உடைந்தால் கூம்பில் ஒரு கீற்று மட்டும் தடித்து வரும். சோதிக்கும்போது அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி இதை லயத்துக்குக் கொண்டுவருகிறேன். வெள்ளைக்காரன் காலத்து லயங்கள் பலவற்றில் காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரை போவதில்லை. மேலே தகரம், அதற்குக் கீழே காய்ந்து கறுத்த மரச்சட்டம், விறகுப் பரண், சாக்கு, பொலித்தீன். ஒரு வீட்டில் பற்றிய தீ கூரையடி வெற்றிடத்தில் ஏறினால், அதற்குப் பிறகு பத்து வீடும் ஒரே வீடுதான். வெளியே நின்று தகரத்தின்மேல் பீய்ச்சியடிப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எங்கள் பயிற்சியாளர் சொல்வார்: "தம்பி, மேல அடிச்சா தகரந்தான் குளிக்கும், தீ குளிக்காது." தகரம் மழைக்காகச் செய்தது. எவ்வளவு ஊற்றினாலும் வழித்துக் கீழே விடும். தண்ணீர் தகரத்தின் அடிப்பக்கத்தில் பட வேண்டும்.

அதற்கு நேரோட்டம். வாசலிலோ ஜன்னலிலோ நின்று, செங்குத்தான கோணத்தில் கூரையின் அடிப்பக்கத்தில் அடித்தால், இறுகி வரும் ஓட்டம் அங்கே மோதி உடைந்து, துளிகளாக எல்லாப் பக்கமும் கொட்டும். தூரத்தையும் துளியையும் ஒரே அடியில் எடுத்துக்கொள்ளும் தந்திரம் இது. இங்கே அகலத் தூறலைப் பயன்படுத்தினால் வேறொரு ஆபத்து உண்டு. விரிந்த கூம்பு தன்னோடு ஏராளமான காற்றை இழுத்துக்கொண்டு போகும். நேரோட்டம் அவ்வளவு இழுக்காது, அதுவும் ஒரே இடத்தில் ஆடாமல் பிடித்தால். 2010களில் அமெரிக்காவில் பாதுகாப்புச் சோதனைகள் செய்யும் யூஎல் ஆய்வுக்கூடத்தார் வீடுகளைக் கட்டி எரித்து அளந்து காட்டியது இதைத்தான். பொது வெற்றிடம் உள்ள லயத்தில், ஒரு முனையிலிருந்து அகலத் தூறலை வாசல் நிறைய அடித்தால் அந்தக் காற்று சூட்டையும் புகையையும் அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளும் என்பது என் உறுதியான கருத்து. இன்னும் எரியாத வீட்டில் பாட்டி யாராவது படுத்திருக்கலாம். உள்ளே ஆள் இருக்கும் மூடிய அறையில் ஆவியால் அடக்கும் முறையும் கூடாது. 1,700 மடங்கு விரியும் ஆவி அவர்களையும் வேகவைத்துவிடும். லேமனின் கப்பல் தட்டில் ஆள் இருக்கவில்லை.

அகலத் தூறலுக்கும் இடம் இருக்கிறது. தீ அடங்கியதும் ஜன்னலுக்கு உள்ளே நின்று வெளிநோக்கித் தூறலை அடித்தால், காற்றை இழுக்கும் அதே குணம் அறையின் புகையை வெளியே உறிஞ்சிக் கொண்டுபோகும். பிடிப்பவரைச் சூட்டிலிருந்து காக்கவும் அது உதவும். தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடை அறையில் படிந்திருக்கும் தேயிலைத் தூசும் பஞ்சும் புகைய ஆரம்பித்தால் மென்மையான தூறலைத் தவிர வேறு எதையும் எடுக்கக்கூடாது. நேரோட்டம் தூசைக் கிளப்பிக் காற்றில் கலந்துவிடும். காற்றில் கலந்த தூசு ஒரே நொடியில் பற்றும், வெடிப்பாக. மின்சாரத்தைப் பொறுத்தவரை எந்த வடிவமும் வேண்டாம், முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். உடையாமல் தொடர்ச்சியாகப் போகும் ஓட்டம், நோசிலைப் பிடித்திருப்பவர் கைக்கே மின்சாரத்தைக் கொண்டுவரக்கூடும்.

மலையில் நமக்கு ஒரு சீதனம் இருக்கிறது. உயரம். ஒவ்வொரு 10 மீட்டர் உயர வித்தியாசத்துக்கும் ஏறத்தாழ 1 பார் அமுக்கம். ரோட்டில் நிற்கும் வண்டியிலிருந்து 40 மீட்டர் மேலே உள்ள லயத்துக்கு ஹோஸை இழுத்தால் பம்ப் தரும் அமுக்கத்தில் 4 பார் ஏற்றத்திலேயே போய்விடும். அதையே திருப்பிப் பாருங்கள். லயத்துக்கு மேலே 50 மீட்டர் உயரத்தில் ஊற்றுக்கண் தண்ணீர் சேரும் தாங்கி ஒன்று இருந்தால், கீழே 5 பார் அமுக்கம் பம்ப் இல்லாமல், டீசல் இல்லாமல், இரவு பகலாகக் காத்திருக்கிறது. அரை அங்குல வாய் உள்ள வழவழப்பான நோசில் 3.4 பாரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 லீட்டர் தரும். 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஹோஸ் மூன்றைப் பொருத்தி, அதாவது 90 மீட்டருக்கு, இழுத்தால் உராய்வில் 1.4 பார் போகும். மீதி சரியாக வருகிறது. 5,000 லீட்டர் தாங்கி 25 நிமிடம் தாக்குப்பிடிக்கும்.

இந்தக் கணக்கைக் காட்டி ஒரு தோட்டத்தில் கேட்டபோது, "அதான் பைப்பு இருக்கே" என்று பதில் வந்தது. இருந்தது ஓர் அங்குலக் குழாய். பூட்டியிருக்கும்போது மானியில் 5 பார் காட்டும். திறந்தால் விழுந்துவிடும். நிமிடத்துக்கு 200 லீட்டரை ஓர் அங்குலக் குழாயில் கொண்டுபோனால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரத்தை உராய்வு தின்னும். மலை கொடுத்த சீதனம் குழாய்க்குள்ளேயே செலவாகிவிடும். 63 மில்லிமீட்டர் குழாய் போட்டால் 100 மீட்டருக்கு மூன்று மீட்டர் அளவில்தான் இழப்பு. செலவு அதிகம்தான். ஒரு லயத்தைத் திரும்பக் கட்டும் செலவோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வளையத் தூறல் நோசில்கள் பல 7 பாருக்கென்று செய்யப்பட்டவை. தாங்கித் தண்ணீருக்கு வாங்கும்போது குறைந்த அமுக்கத்துக்கான ரகமா என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. தானியங்கி நோசில் என்று ஒன்று உண்டு, 1960களில் அமெரிக்காவின் கிளைட் மெக்மில்லன் உருவாக்கியது. உள்ளே ஒரு சுருள்வில், தண்ணீர் குறைந்தால் இடுக்கைத் தானே குறுக்கி அமுக்கத்தைக் காப்பாற்றும். நகரத்து வண்டிக்கு அருமையான சாமான். நம் லயத்துத் தாங்கிக்கு அது ஏமாற்றும். ஓட்டம் பார்க்க நன்றாக நிற்கும், உள்ளே வரும் தண்ணீரோ கால்வாசியாக இருக்கும். தீ ஓட்டத்தின் அழகைப் பார்க்காது, எத்தனை லீட்டர் வந்தது என்றுதான் பார்க்கும்.

பிடிப்பவரையும் நினைக்க வேண்டும். ஓர் அங்குல வாயில் 3.4 பாருக்கு நோசில் பின்னோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 35 கிலோ எடைக்குச் சமம். மழை நனைத்த சரிவில், செருப்புக் காலோடு அதைத் தனியாகப் பிடித்தால் விழுவது நிச்சயம். அரை அங்குல வாய்க்கு அது 9 கிலோதான். ஒருவர் பிடிக்கலாம், பின்னால் ஹோஸைத் தாங்க இன்னொருவர். கொழுந்து எடுக்கும் பெண்கள் சுமக்கும் எடையை நினைத்தால், குழுவில் ஆண்களை மட்டும் சேர்ப்பதற்கு ஒரு காரணமும் கிடையாது. பகலில் தீப்பிடித்தால் லயத்துக்குப் பக்கத்து மலையில் வேலை செய்துகொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஓயாவிலிருந்து பம்ப் வைத்து எடுப்பதானால் உயரம் இங்கே எதிராக வேலை செய்யும். கொழும்பில் வளியமுக்கம் தண்ணீரை 10 மீட்டருக்குச் சற்று மேல்வரை தள்ளும் என்பது ஏட்டுக் கணக்கு. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அது 8.2 மீட்டராகச் சுருங்கிவிடும். உராய்வும் கசிவும் போக, ஆற்றிலிருந்து ஐந்தாறு மீட்டருக்கு மேல் பம்பை வைத்தால் தண்ணீர் ஏறாது. பம்ப் பழுது என்று நினைத்து அதைக் கழற்றிக்கொண்டு நிற்காமல், இன்னும் கீழே இறக்கி வைக்க வேண்டும். ஓயாத் தண்ணீரில் சருகும் மணலும் வரும். வழவழப்பான பிராஞ்ச் சின்னக் கூழாங்கல்லைக்கூடத் துப்பிவிடும். தூறல் நோசிலின் இடுக்கில் ஒரு சருகு சிக்கினால் கூம்பில் ஒரு பக்கம் காணாமல் போகும். சிலவற்றில் உறையைக் கடைசிவரை திருகினால் இடுக்கு அகன்று குப்பை வெளியேற வழி இருக்கும். அதைத் தீ நாளில் தேடக்கூடாது.

ஊவாப் பக்கம் ஆடி ஆவணியில் மானாப்புல் எரியும்போது ஹோஸ் போய்ச் சேராது. அங்கே தோளில் சுமக்கும் மருந்து பம்ப் உதவும். அதன் முனையைக் கழற்றிப் பார்த்தால் சாய்வான துளைகளோடு ஒரு சிறு தட்டு இருக்கும். தண்ணீரைச் சுழற்றி, உள்ளே வெறுமையான கூம்பாக விரிப்பது அதுதான். 16 லீட்டர் பிடிக்கும், ஆனால் நிமிடத்துக்கு ஒரு லீட்டர் சொச்சம்தான் வரும். காம்பராத் தீக்கு அது பற்றாது. புல்லுத் தீயின் ஓரத்தை நனைக்கவும், கிளை கொண்டு அடித்தவர்களுக்குப் பின்னால் கனலைக் கொல்லவும் நல்ல கருவி. களைகொல்லி அடித்த தாங்கியை நன்றாகக் கழுவாமல் எடுக்கக்கூடாது.

தோட்டத் தலைவர்மாரும் இளைஞர் மன்றங்களும் நிர்வாகத்தோடு பேசும்போது கேட்க வேண்டியது இதுதான்: லயத்துக்கு மேலே ஒரு தாங்கி, அதிலிருந்து 63 மில்லிமீட்டர் குழாய், லயத்தின் இரண்டு முனையிலும் வால்வு, 38 மில்லிமீட்டர் ஹோஸ் மூன்று, அரை அங்குல வாயுள்ள ஒரு பிராஞ்ச், குறைந்த அமுக்கத்துக்கான ஒரு தூறல் நோசில். ஹோஸையும் நோசிலையும் வைக்கும் பெட்டியின் சாவி கண்ணாடிக்குப் பின்னால் அதே பெட்டியில் இருக்க வேண்டும், ஆபீஸில் இருக்கக்கூடாது. மாதம் ஒரு தடவை சம்பள நாளுக்கு மறுநாள் வால்வைத் திறந்து, ஓட்டத்தைப் பார்த்து, வாய் விளிம்பை விரலால் தடவி, பற்களை எண்ணி, ஹோஸை நிழலில் தொங்கவிட்டுக் காயவைத்து மடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் நம் குளிரில் இரண்டு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.